மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து தொலைக்காட்சிச் செய்தியாளராவது எப்படி: முதல் நாளிலிருந்து முதல் வருடம் வரை

பிராந்தியத் தொலைக்காட்சிச் செய்தியாளராக வர விரும்பிய பல இளைஞர்கள் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வந்து வேலை பழகியிருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் ஒரே வரிசையில்தான் தொடங்கினார்கள். முதலில் கமெரா, அடுத்து இலச்சினை பொறித்த மைக், அதற்குப் பிறகு செய்தி, எல்லாவற்றுக்கும் கடைசியில் மனிதர்கள். இந்த வழிகாட்டியை அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறேன்.

கொழும்பிலுள்ள செய்திப் பிரிவு நம் ஊர்களிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் பெயரையும் எண்ணிக்கையையும் அங்கிருந்து சரிபார்க்க எவராலும் முடியாது. பிழை போனால் ஆசிரியரைத் தேடி யாரும் கொழும்புக்குப் போகமாட்டார்கள். மறுநாள் சந்தையில் உங்களைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் அடியில் இருக்கும் காரணம் இதுதான்.

1. கமெரா வாங்குவதற்கு முன் ஊரைப் படியுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறையில் 20 பிரிவுகளும் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று தொடங்குபவர் எதையும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மூன்று பிரிவுகளைத் தெரிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு பிரிவுக்கும் குறிப்பேட்டில் நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள். பிரதேச செயலாளர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, திடீர் மரண விசாரணை அதிகாரி, கிராம உத்தியோகத்தர்கள், கடற்றொழிலாளர் சங்கம், கமக்கார அமைப்பு, ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலயம் ஆகியவற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பெயரை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, எழுத்துக்கூட்டலை அவர்களிடமே காட்டிச் சரிபாருங்கள்.

இந்த முதற்சுற்றுக்குக் கமெரா இல்லாமல் போங்கள். கமெராவோடு போனால் அவர்கள் அறிக்கை தருவார்கள். வெறுங்கையோடு போனால் தேநீர் தருவார்கள், பேசுவார்கள். பின்னொரு நாள் இரவு இரண்டு மணிக்கு யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று உங்களை அழைக்கப்போவது அந்தத் தேநீர் குடித்த வீட்டுக்காரர்தான்.

ஊரின் நாட்காட்டியையும் குறித்துவையுங்கள். பெரும்போக விதைப்பு எப்போது, அறுவடை எப்போது, சிறுபோகத்துக்கு எந்தக் குளத்திலிருந்து நீர் திறக்கப்படும், வைகாசியில் எந்தக் கண்ணகை அம்மன் கோயிலில் எப்போது கதவு திறக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். வெள்ளத்துக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் எந்த ஊர்களுக்கு நீர் வரும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டினால் எங்கே வடியும் என்று மழைக்காலம் தொடங்கும் முன்பே வயதான கமக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய பிறகு இதைச் சொல்லித்தர எவருக்கும் நேரம் இருக்காது.

2. மொழி

சிங்களம் பழகுங்கள். அம்பாறை நகரத்திலும் பல பொலிஸ் நிலையங்களிலும் அது இல்லாமல் பாதிச் செய்திதான் கையில் கிடைக்கும். பேச்சு நடையில் கேள்வி கேட்டு, பதிலைப் புரிந்துகொள்ளும் அளவு போதும். மொழிபெயர்க்க இன்னொருவரை வைத்தால் நீங்கள் கேட்பது அவருடைய செய்தியாகிவிடும்.

3. நிறுவனத்தை அணுகுவதும் பணக்கணக்கும்

நேத்ரா, சக்தி, வசந்தம் போன்ற தமிழ் அலைவரிசைகளுக்கு விண்ணப்பக் கடிதம் மட்டும் அனுப்பினால் அது ஏதாவதொரு கோப்பில் தூங்கும். கடிதத்தோடு நீங்களே எடுத்து, எழுதி, குரல் கொடுத்த மூன்று செய்திகளை அனுப்புங்கள். ஒன்று நிகழ்வு, ஒன்று மக்கள் பிரச்சினை, ஒன்று மனிதர் பற்றியது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஆசிரியர் பார்ப்பது உங்கள் முகத்தை என்று நினைக்காதீர்கள். பெயரும் இடமும் திகதியும் பிழையில்லாமல் இருக்கின்றனவா, காட்சிகளை வெட்டி ஒட்ட முடிகிறதா என்றுதான் அவர் பார்ப்பார்.

படிப்பும் உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் ஊடகம், தொடர்பாடல் சார்ந்த பட்டக்கற்கைகள் உள்ளன. ஆனால் பட்டம் முடியட்டும் என்று காத்திருந்து முதலாவது படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய பின்னரே களத்தில் அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள். அரசாங்கத் தகவல் திணைக்களம் வழங்கும் ஊடக அடையாள அட்டைக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் மூலமாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். அது கிடைக்கும்வரை கடிதத்தின் பிரதியொன்றைப் பையில் வைத்திருங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு தொலைபேசியில் ஆசிரியரைத் தேடும் நிலை வரக்கூடாது.

இனி, பலர் கேட்கக் கூச்சப்படும் விடயம். பிராந்தியச் செய்தியாளர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. எரிபொருள், டேட்டா, பட்டரி எல்லாம் பெரும்பாலும் உங்கள் செலவு. எனவே கேள்விகளை முதல் நாளே கேளுங்கள். ஒரு செய்திக்கு எவ்வளவு, ஒளிபரப்பாகாத செய்திக்கு என்ன, பயணச் செலவு உண்டா, கமெரா பழுதானால் யார் பொறுப்பு? பதில்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்ற பயம் புதியவர்களிடம் எப்போதும் இருக்கிறது. கேட்காமல் சேர்ந்து ஆறு மாதத்தில் கடனோடு விலகியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முதல் வருடத்துக்கு வேறு வருமானம் ஒன்றை விடாமல் வைத்திருங்கள். கற்பித்தல், கல்யாண வீடியோ, கடை, எதுவாகவும் இருக்கலாம். அரசியல்வாதி ஒருவரின் ஊடகப் பொறுப்பாளராக மட்டும் இருக்காதீர்கள். காலையில் அவருடைய அறிக்கையை எழுதி மாலையில் அவரைப் பற்றிய செய்தியை அனுப்புபவரை ஊர் ஒரு வாரத்தில் அடையாளம் கண்டுவிடும். கூட்டம் முடிந்ததும் ‘பயணச் செலவு’ என்று நீட்டப்படும் கடித உறைக்கும் இதே விதிதான். முதல் தடவை மறுப்பது மட்டும்தான் கடினம். பிறகு நீட்டவே மாட்டார்கள்.

4. பையில் இருக்கவேண்டியவை

நல்ல கைத்தொலைபேசி ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். பணம் மிஞ்சினால் முதலில் மைக் வாங்குங்கள், அடுத்தது ட்ரைபொட், கமெரா மூன்றாவதாகத்தான் வரவேண்டும். ஆடும் படத்தைப் பார்வையாளர் சற்றுப் பொறுப்பார். கேட்காத குரலை எந்த ஆசிரியரும் பொறுக்கமாட்டார்.

மைக்குக்குக் காற்று தடுக்கும் பஞ்சுறை கட்டாயம் வேண்டும். கல்லடிக் கடற்கரையில் பத்து மணிக்குப் பிறகு எடுத்த எத்தனையோ நேர்காணல்களில் பேசுபவரின் குரலைவிடக் காற்றின் இரைச்சல்தான் பெரிதாகப் பதிந்திருக்கிறது. உறை இல்லாத நாளில் சுவரோ வள்ளமோ காற்றை மறைக்கும் பக்கத்தில் ஆளை நிறுத்துங்கள்.

மேலதிக பட்டரி, பவர் பேங்க், இரண்டு மெமரி கார்ட், காதில் மாட்டிக் கேட்க ஹெட்போன், தடித்த பொலித்தீன் பைகள் நான்கு, உலர்ந்த பருத்தித் துணி, பேனா இரண்டு, மழைக்கோட்டு ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பொலித்தீன் பை மழைக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். மாவட்டச் செயலகத்தின் குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருந்த கமெராவை வெளியே கொண்டு வந்தால் லென்ஸ் உடனே பனி படிந்து வெளுத்துவிடும். வெளியே வருவதற்கு முன் பையில் போட்டுக் கட்டி, கமெராவின் குளிர் தணியும்வரை விட்டுத் திறந்தால் படியாது.

ட்ரோன் வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் படியுங்கள். பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், பெயரும் போகும்.

5. செய்தி காதில் விழுந்ததும்

மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் முன் இரண்டு அழைப்புகளை எடுங்கள். ஒன்று சம்பவ இடத்துக்கு அருகில் இருப்பவருக்கு, மற்றொன்று அதைப் பதிவு செய்யும் பொறுப்பிலுள்ளவருக்கு. வட்ஸ்அப் குழுவில் வந்த படம் எத்தனை பேருக்குப் பகிரப்பட்டிருந்தாலும் அது ஒரே ஒரு ஆதாரம்தான். வெள்ளக் காலத்தில் முந்திய வருடங்களின் படங்கள் புதிய திகதியோடு சுற்றுவதை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம்.

இடத்தின் பெயரை எப்போதும் மூன்று அடுக்கில் எழுதுங்கள்: ஊர், பிரதேச செயலகப் பிரிவு, மாவட்டம். இதை நான் கற்றது ஒரு பிழையினால். ஆரையம்பதிப் பக்கமுள்ள புதுக்குடியிருப்பில் நடந்த வீதி விபத்தொன்றை அவசரத்தில் ‘புதுக்குடியிருப்பு’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். திரையில் அது முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பாக வந்தது. அன்றிரவு முல்லைத்தீவிலிருந்து உறவினர்களைத் தேடி அழுதபடி அழைத்தவர்களின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நிலையம் திருத்தம் போட்டது. ஆனால் பிழை தொடங்கியது என் பேனாவில்.

எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். அனர்த்த முகாமைத்துவப் பிரிவு தரும் அறிக்கையில் ‘குடும்பங்கள்’ ஒரு நிரலிலும் ‘நபர்கள்’ இன்னொரு நிரலிலும் இருக்கும். புதியவர்கள் இரண்டையும் மாற்றி எழுதாத மழைக்காலம் கிடையாது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘மாலை 4 மணி நிலவரப்படி’ என்று நேரத்தையும் எழுதுங்கள். மழைவீழ்ச்சி என்றால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த அளவு காலை 8.30 வரையான 24 மணித்தியாலத்துக்குரியது என்பதை நினைவில் வையுங்கள். ‘நேற்று’ என்று எழுதினால் அது பிழை.

6. படமெடுக்கும் வரிசை

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். போய் இறங்கியதும் யாரையாவது பிடித்துப் பேசவைக்கத் தொடங்குவார்கள். நேர்காணல் முடிவதற்குள் நீர் வடிந்திருக்கும், வள்ளம் கரையேறியிருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். ஆகவே மாறிப்போகக்கூடியதை முதலில் எடுங்கள். மனிதர்கள் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். சம்பவம் காத்திருக்காது.

முதலில் அகலமான காட்சி. பார்ப்பவருக்கு இடம் புரிய வேண்டும். பிறகு நடுத்தரக் காட்சியில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டுங்கள். பிறகு நெருக்கமான காட்சிகளை எடுங்கள், நிறைய எடுங்கள். நெருக்கமான காட்சி இல்லாமல் படத்தொகுப்பாளரால் ஒரு வெட்டைக்கூட மறைக்க முடியாது. என்னோடு வந்த தம்பி ஒருவர் தன் முதல் நாளில் நாற்பது நிமிடம் பதிவு செய்தார். அத்தனையும் அகலமான காட்சி, அத்தனையிலும் கமெரா இடமிருந்து வலமாக அலைந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து முப்பது வினாடிச் செய்தியைக்கூட எடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு காட்சியையும் அசைக்காமல் பத்து வினாடி வைத்திருங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்தோடு நிறுத்தினால் தொடக்கமும் முடிவும் வெட்டுப்பட்டு மூன்றுதான் மிஞ்சும். தொலைபேசியை எப்போதும் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நிலைக்குத்தாக எடுத்ததைத் திரையில் போட இரு பக்கமும் மங்கலாக்கி ஒட்டவேண்டி வரும்.

வெளிச்சத்துக்கு நம் கரையில் ஒரு தனிக் கணக்கு உண்டு. காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. வள்ளங்கள் கரை சேரும் நேரத்தில் கடலைப் பின்னணியாக வைத்து மீனவரைப் படமெடுத்தால் அவர் முகம் கறுத்த நிழலாகத்தான் தெரியும். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அவரைக் கடல் பார்க்க நிறுத்துங்கள். முகத்தில் பொன் வெளிச்சம் விழும், பின்னால் வாடியும் வலையும் தெரியும். மாலையில் வாவிக் கரையில், மேற்கே இறங்கும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

பேச்சில்லாத ஒலியையும் பதிவு செய்யுங்கள். தாம்போதியில் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்வான வீதிப் பாலம்) நீர் பாயும் இரைச்சல், நெல் மூட்டை லொறியில் விழும் சத்தம், யானையை விரட்டப் போடும் வெடி என எதுவானாலும் முப்பது வினாடி மௌனமாக நின்று எடுங்கள். அந்த முப்பது வினாடியில் உங்கள் குரல் விழக்கூடாது. கூட வந்தவரையும் பேசவிடாதீர்கள்.

7. வொய்ஸ் கட் (செய்தியில் சேரும் பேச்சுத் துண்டு) எடுப்பது

கேள்வி கேட்கும் முன் பெயரையும் பதவியையும் கமெராவுக்கு முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் குறிப்பேட்டில் இருக்கட்டும். பெயர் படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருந்தால் கொழும்பில் ஆள் மாறாது.

‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். ‘வெள்ளத்தால் கஷ்டப்படுகிறீர்களா?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்பார், அவ்வளவுதான். ‘நேற்றிரவு நீர் வீட்டுக்குள் வந்தபோது முதலில் எதை எடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பிள்ளையின் புத்தகப் பையையா, நெல் மூட்டையையா, காணி உறுதியையா என்று அவர் சொல்லத் தொடங்குவார். செய்தி அங்கேதான் இருக்கிறது.

அரச அலுவலரிடம் கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அரச சேவையின் விதித்தொகுப்பான தாபனக் கோவை, அரச அலுவலர்கள் ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்வதைக் கட்டுப்படுத்துகிறது. வெளிக்கள உத்தியோகத்தர் கமெராவுக்கு முன் பேச மறுத்தால் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். தகவலைக் கேட்டறியுங்கள், கமெராவுக்கு முன்னான கருத்தைத் திணைக்களத் தலைவரிடமோ மாவட்டச் செயலாளரிடமோ பெறுங்கள். சின்ன உத்தியோகத்தர் ஒருவரைத் தெரியாமல் பேசவைத்து அவருக்கு விளக்கக் கடிதம் வரச்செய்தால் அந்த அலுவலகத்தின் கதவு உங்களுக்கு மூடிவிடும். அந்த மனிதருக்கு நீங்கள் செய்தது தீங்கும்கூட.

குற்றஞ்சாட்டப்படும் தரப்பின் பதிலை அன்றே கேளுங்கள். அழைத்தேன், கிடைக்கவில்லை என்றால் எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

8. எழுதுவது

முதலில் படங்களைப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். எழுதிவிட்டுப் படம் தேடினால், சொல்லுக்குப் பொருந்தாத ஏதோவொரு மரமும் வீதியும் திரையில் ஓடும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாக வாசித்தால் என் கணக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள். ஒன்றரை நிமிடச் செய்தியில் இரண்டு வொய்ஸ் கட் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 80, 90 சொற்கள்தான். ஒன்றையும் வீணாக்க இடமில்லை.

புதியவர்களிடமிருந்து எனக்கு வரும் வெள்ளச் செய்தி பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: ‘தொடர்ச்சியாகப் பெய்து வரும் கனமழை காரணமாகத் தாழ்நிலப் பிரதேசங்கள் வெள்ளத்தில் மூழ்கியுள்ளதுடன் மக்களின் இயல்பு வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.’ இதை எந்த வருடத்துக்கும் எந்த ஊருக்கும் போடலாம். அதனால்தான் யார் மனதிலும் நிற்பதில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக இடுப்பளவு நீர் பாய்கிறது. நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போவோர் இன்று காலை முதல் சுற்றுவழியில் போகிறார்கள்.’ இரண்டு சிறிய வாக்கியங்கள். இடம் தெரிகிறது, அளவு தெரிகிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்றும் தெரிகிறது. ‘குறிப்பிடத்தக்கது’, ‘இதேவேளை’, ‘பெரும் பரபரப்பு’ ஆகிய மூன்றையும் முதல் வருடம் முழுக்கப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுங்கள். எழுத்து தானாகத் திருந்தும்.

எழுதியதை ஒருமுறை உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறியுங்கள். குரல் பதிவுக்குத் தனி அறை தேவையில்லை. கதவையும் ஜன்னலையும் மூடி, மின்விசிறியை நிறுத்தி, மெத்தைப் பக்கமாக முகத்தை வைத்துப் பதிவு செய்தால் எதிரொலி குறையும்.

9. அனுப்புவது

இரவுச் செய்திக்கு உரியது மாலை 5 மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. வாகரையின் உட்புறத்திலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் சில ஊர்களிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அங்கே நின்று அனுப்ப முயன்று ஒரு மணி நேரத்தை இழப்பதைவிட, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிவைத்து நேரே அங்கு போங்கள்.

முதலில் எழுத்தை அனுப்புங்கள், இரண்டாவதாகச் சிறந்த ஐந்து காட்சிகள், மூன்றாவதாக வொய்ஸ் கட், மீதி பிறகு. நடுவில் இணைப்பு அறுந்தாலும் அதுவரை போனதை வைத்து ஆசிரியரால் ஒரு செய்தி செய்ய முடியும். எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாக அனுப்பினால் 90 வீதத்தில் அறுந்து ஒன்றுமே இல்லாமல் போகும்.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள். வீடியோவாகப் போனால் தரம் சுருங்கிவிடும். கோப்பின் பெயரில் திகதி, ஊர், விடயம் மூன்றும் இருக்கட்டும். அனுப்பியதும் தொலைபேசியில் அழைத்து, திரையில் வரவேண்டிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. என் பெரும்பாலான பிழைகள் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிடிபட்டன.

10. எல்லைகள்: சட்டமும் சமூகங்களும்

நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். 2024 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை ஒருமுறையாவது வாசியுங்கள். கைதானவர் ‘சந்தேக நபர்’தான். தீர்ப்பு வரும்வரை அவர் ‘குற்றவாளி’ ஆகமாட்டார். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது சட்டப்படி குற்றம். முகத்தை மறைத்துவிட்டு வீட்டுப் படலையையும் பாடசாலைப் பெயரையும் காட்டினால் சிறிய ஊரில் அடையாளம் தெரிந்தது தெரிந்ததுதான். உயிரை மாய்த்துக்கொண்டவர் பற்றிய செய்தியில் முறையை விவரிக்காமல், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தைத் திரையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நம் பகுதியில் ஒரு சொல் பெரிய சேதம் செய்யும். இரண்டு இளைஞர்களுக்கு இடையிலான அடிதடியை இரு சமூகங்களின் மோதலாக எழுதுவது எளிது, ஒளிபரப்பாகவும் செய்யும். அன்றிரவு எல்லை வீதியில் இருக்கும் வீடுகள்தான் கதவைப் பூட்டிக்கொண்டு விழித்திருக்கும். சம்பவத்துக்கும் இனத்துக்கும் தொடர்பிருப்பது விசாரணையில் தெரியவந்தால் மட்டும் இனத்தைச் சொல்லுங்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகம், மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல்தரை போன்ற, சமூகங்களுக்கிடையே சர்ச்சையுள்ள விடயங்களில் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு சொல்லைப் பாவிக்கும். நீங்கள் எந்தச் சொல்லை எழுதினாலும் ஏன் அதை எழுதினீர்கள் என்று அடுத்த ஊரில் நின்று விளக்க முடியவேண்டும். அதற்கு ஒரே வழி, இரு ஊர்களுக்கும் போய்வருவதுதான்.

11. மரண வீடு

கடலுக்குப் போனவர் திரும்பாத வீடொன்றுக்கு ஒருமுறை பயிற்சியிலிருந்த தங்கை ஒருவரோடு போனேன். அவர் நேரே தாயிடம் போய் மைக்கை நீட்டினார். தாய் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பொருள் அது என்றே அவருக்கு விளங்கவில்லை. நான் ட்ரைபொட்டை மடித்து வேலியோரம் சாய்த்துவிட்டு முற்றத்தில் போட்டிருந்த கதிரையில் அமர்ந்தேன். முக்கால் மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு தாய்மாமன் தானாக வந்து, ‘தம்பி, தேடுதலுக்குப் படகு போதாது, அதைச் சொல்லவேண்டும்’ என்றார். அவர் பேசியதைத்தான் எடுத்தோம். வேறு காட்சியாக வேலியில் காய்ந்த வலையை எடுத்தோம். பாதி பொத்திய கண்ணியில் ஊசி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

இதன் வரிசை எளியது. கமெராவை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். குடும்பத்தில் பேசக்கூடியவர் யார் என்று உறவினரிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் மட்டும் எடுங்கள். அழும் முகத்தை நெருக்கமாக எடுக்காதீர்கள். சிறுவர்களிடம் கேள்வி கேட்கவே வேண்டாம். இறந்தவரின் பெயரையும் வயதையும் குடும்பத்தினரிடமும் திடீர் மரண விசாரணை அதிகாரியிடமும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

12. உங்கள் பாதுகாப்பு

2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் மூத்த செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதை நான் கட்டாயம் சொல்வேன். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமும் சக செய்தியாளர் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். மிரட்டல் வந்தால் நேரம், இலக்கம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி, நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். வாயால் சொன்ன மிரட்டலை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

பாயும் நீரில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றது. யானை நிற்கும் வயலுக்கு வனஜீவராசிகள் உத்தியோகத்தருக்கு முன்னால் போகாதீர்கள்.

13. திரும்பிப் போவது

ஒளிபரப்பானதும் செய்தி முடிந்துவிட்டதாகப் புதியவர்கள் நினைக்கிறார்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைத் திகதி வாரியாகப் பிரியுங்கள். இழப்பீடு ஒரு மாதத்தில் தருவதாக ஒருவர் கமெராவுக்கு முன் சொன்னால், ஒரு மாதம் கழித்து வரும் திகதியில் அவர் பெயரை எழுதுங்கள். அன்று அழையுங்கள்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்கவேண்டும். ‘வீதி ஏன் திருத்தப்படவில்லை?’ என்று கேட்காமல், ‘இந்த வீதிக்கு எந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, ஒப்பந்தம் யாருக்கு?’ என்று ஆவணத்தில் இருக்கக்கூடிய விடயத்தைக் கேளுங்கள். காரணம் கேட்டால் விளக்கம் வரும். தொகை கேட்டால் தாள் வரும்.

எடுத்த காட்சிகளை இரண்டு இடங்களில் சேமித்து, கோப்பின் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே தாம்போதிக்குப் போகும்போது பழைய காட்சியும் புதிய காட்சியும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் அதிகம் எழுத வேண்டியிருக்காது. அதனால் முதல் தடவை போகும்போதே எந்தக் கற்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள்.